டை போகும் வழி: சிறுநீர்ப் பாதைப் படங்களைக் கற்க வருபவர்களுக்கு

சீட்டில் ‘ஐ.வி.பி.’ (நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் சிறுநீரகப் படம்) என்றோ ‘எம்.சி.யு.’ (நீர் கழிக்கும்போது எடுக்கும் சிறுநீர்ப்பைப் படம்) என்றோ எழுதியிருந்தால், எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கை சற்றுத் தயங்கும். நெஞ்சுப் படமும் முழங்கால் படமும் ஒரு மாதத்தில் பழகிவிடுகின்றன. இவை அப்படிப் பழகுவதில்லை. காரணம், இங்கே நாம் படம் பிடிக்கும் பொருள், அதாவது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் டை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. எந்த நிமிடத்தில் டை எங்கே நிற்கும் என்று தெரியாமல் எடுத்த பத்துப் படத்தைவிட, தெரிந்து எடுத்த நான்கு படம் டாக்டருக்கு அதிகம் சொல்லும். ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறோம்.

இரண்டே திசை

பரிசோதனைகளின் பெயர்கள் நிறைய. ஆனால் வகை இரண்டுதான். நரம்பில் போட்ட டை ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்டு, சிறுநீரோடு சேர்ந்து கீழே இறங்குவது ஒரு வகை. ஐ.வி.பி.யும் சி.டி. யூரோகிராமும் இதில் சேரும். கீழேயிருந்து டியூப் வைத்து நீரோட்டத்துக்கு எதிராக டையை ஏற்றுவது மற்ற வகை. ஆர்.ஜி.யு. (ஆண்களின் வெளிக்குழாய்க்குள் டை ஏற்றும் படம்), ஆர்.ஜி.பி. (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்க்குள் டை ஏற்றும் படம்), எம்.சி.யு.வின் முதல் பாதி எல்லாம் இதில் வரும்.

வித்தியாசம் பெரியது. ஓட்டத்தோடு போகும் டை, குழாயின் வடிவத்தோடு சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துக் காட்டும். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அந்தப் பக்கம் படமே வராது. அதுவே ஒரு தகவல்தான். எதிர்த்துப் போகும் டைக்கு சிறுநீரகத்தின் தயவு தேவையில்லை. கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) எவ்வளவு ஏறியிருந்தாலும் குழாயின் வடிவம் தெரியும். ஆனால் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அத்துடன், எதிர்த்து ஏற்றும்போது கிருமியையும் கூடவே ஏற்றிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

வரலாற்றில் எதிர்த்துப் போனதுதான் முதலில் வந்தது. 1906-இல் ஜெர்மனியில் ஃபோல்கரும் லிச்சன்பெர்க்கும் சிறுநீர்க்குழாய் வழியாக வெள்ளிக் கரைசலை ஏற்றிப் படம் எடுத்தார்கள். நரம்பில் போட்டு எடுக்கும் நம்பகமான முறை 1929-இல்தான், மோசஸ் ஸ்விக் அயோடின் சேர்ந்த ஒரு மருந்தைப் பெர்லினில் சோதித்த பிறகு, கைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை நாம் நம்பியிருப்பது அயோடினைத்தான்.

மேலிருந்து கீழே ஒரு நடை

சிறுநீரகம் இரண்டும் முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி விலா எலும்பு முள்ளெலும்புடன் சேரும் மட்டத்திலிருந்து மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு வரை இருக்கும். கல்லீரல் மேலே இருப்பதால் வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். பெரியவர்களுக்கு நீளம் 10 முதல் 12 செ.மீ. இரண்டுக்கும் நீளத்தில் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் டாக்டர் கண்டிப்பாகக் காரணம் தேடுவார்.

சிறுநீரகம் நேராக நிற்பதில்லை. மேல் முனை உள்ளேயும் பின்னாலும், கீழ் முனை வெளியேயும் முன்னாலும் சாய்ந்திருக்கும். இதை மனப்பாடம் செய்யாமல், முதுகெலும்பை ஒட்டி இறங்கும் சோயாஸ் தசையின் சரிவில் சாய்ந்து கிடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டை சிறுநீரைவிடக் கனமானது. மல்லாந்து படுத்தவருக்குப் பின்னால் இருக்கும் மேல் கிண்ணங்கள் (சிறுநீரகத்துக்குள் நீரை வாங்கும் குழிகள்) முதலில் நிறையும். முன்னால் இருக்கும் சிறுநீர்க்குழாயின் தொடக்கம் சரியாக நிறையாது. குப்புறப் படுக்க வைத்தால் டை அங்கே வழியும். ‘ப்ரோன் ஃபிலிம் எடு’ என்று சீனியர் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

சிறுநீரகத்துக்குள் சொட்டும் நீரைச் சிறு கிண்ணங்கள் வாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று கிண்ணம் சேர்ந்து பெரிய கிண்ணம். பெரிய கிண்ணங்கள் சேர்ந்து பெல்விஸ் என்ற புனல். சிறு கிண்ணத்தின் விளிம்பு படத்தில் கூர்மையாக, உள்வளைந்து தெரிய வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் கீழே எங்கேயோ அடைப்பு என்று பொருள்.

புனலிலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய், அதாவது யூரிட்டர், 25 முதல் 30 செ.மீ. நீளம். இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கவாட்டு நுனிகளை ஒட்டி இறங்கி, இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டுக்கு முன்னால் ரத்தக் குழாயைத் தாண்டி, இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாக வளைந்து, பிறகு உள்ளே திரும்பிப் பைக்குள் நுழைகிறது. இந்த வழியில் இயற்கையாகவே குறுகலான இடங்கள் மூன்று: புனலும் குழாயும் சேரும் இடம், இடுப்பு விளிம்பில் ரத்தக் குழாயைத் தாண்டும் இடம், பைக்குள் நுழையும் இடம். கல் சிக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். மூன்றாவதுதான் மிகக் குறுகல்.

யூரிட்டர் வெறும் குழாய் என்று நினைக்க வேண்டாம். அது புழு ஊர்வதுபோல் சுருங்கிச் சுருங்கி நீரைத் தள்ளும். ஒரே படத்தில் முழுக் குழாயும் தெரியாவிட்டால் அது நோயாகிவிடாது. அந்த நொடியில் அந்த இடம் சுருங்கியிருக்கிறது. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நூல் அறுந்ததுபோல் நின்றால்தான் கவலை.

சிறுநீர்ப்பை பெரியவர்களுக்கு 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். பெண்களுக்கு வெளிக்குழாய் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ. ஆண்களுக்கு அது ப்ராஸ்டேட் வழியாக வரும் பகுதி, இடுப்புத் தளத்தைத் துளைக்கும் குறுகிய பகுதி, பிறகு பல்ப் எனப்படும் வளைந்த பகுதி, கடைசியில் வெளியே தொங்கும் பகுதி என்று நான்காகப் பிரியும். பல்ப் பகுதியின் வளைவை மறக்காதீர்கள். கீழே ஆர்.ஜி.யு. சொல்லும்போது எல்லாம் அதைச் சுற்றியே வரும்.

எந்த டை, யாருக்கு, எவ்வளவு

இப்போது புழக்கத்தில் இருப்பவை அயோஹெக்சால், அயோபமிடால், அயோப்ரோமைடு போன்ற அயனியாகாத டைகள். பாட்டிலில் 300 என்று போட்டிருந்தால் ஒரு மி.லி.யில் 300 மி.கி. அயோடின் என்று அர்த்தம். ஐ.வி.பி.க்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 மி.லி. என்பது எளிய கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 60 மி.லி. உடல் சூட்டுக்குக் கொண்டுவந்த டை இளகி ஊசியில் எளிதாக இறங்கும். வயிற்றுக்குக் கொடுக்கும் பேரியத்தை இந்தப் பாதையில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் கேனுலாவை (நரம்பில் வைக்கும் சிறு குழாயை) தொடக்கூடாது. முன்பு டை போட்டு அலர்ஜி வந்ததா? ஆஸ்துமா உண்டா? தைராய்டு அதிகமா? பெண்களிடம் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி. கிரியேட்டினின் ரிப்போர்ட்டும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணும். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டை போடுவதா, வேறு வழி பார்ப்பதா என்று அவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளி என்றால், இந்த எண் 30-க்குக் கீழே இருக்கும்போது மாத்திரையை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைச் சோதித்த பின்னரே மறுபடி தொடங்குவார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்தந்த ஆஸ்பத்திரியின் விதியைக் கேட்டு நடங்கள்.

பெங்களூரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘வெறும் வயிற்றில் வாங்க’ என்று சொல்லி அனுப்புகிறோம். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலிலும் ஓசூரிலிருந்து பஸ்ஸிலும் வருபவர்கள் முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிடுகிறார்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் பதினொன்றரை மணிக்குத்தான் முறை வரும். நீர் வற்றிய உடம்பில் டை போடுவதுதான் சிறுநீரகத்துக்குக் கெடுதல்; வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இன்னும் மோசம். அதனால் வார்த்தையை மாற்றுங்கள்: “நாலு மணி நேரம் சாப்பாடு, பால், டீ வேண்டாம்மா. தண்ணி தாராளமா குடிக்கலாம்.” சீட்டு ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டும் இருந்தால், தமிழ் தெரிந்த நீங்கள் அதை வாயால் படித்துச் சொல்லிவிடுங்கள். ஐ.வி.பி.க்கு முதல் நாள் இரவு பிசகோடில் 5 மி.கி. மாத்திரை இரண்டு கொடுப்பது வழக்கம். வாயுவும் மலமும் நிறைந்த குடல் சிறுநீரகத்தின் மேல் படிந்தால், எவ்வளவு டை போட்டாலும் பயனில்லை.

ஐ.வி.பி.: நிமிடக் கணக்கு

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் சி.டி. இதன் இடத்தைப் பிடித்துவிட்டது. கல்லுக்கு டையே இல்லாத சி.டி. போதும். ஆனாலும் ஐ.வி.பி.யை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்போம். டை நடக்கும் நடையைக் கண்ணால் பார்த்துக் கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை. சிறிய ஊர்களுக்கு வேலைக்குப் போனால் கையில் இருப்பதும் இதுதான்.

முதலில் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு டை இல்லாத கே.யு.பி. ஃபிலிம், அதாவது சிறுநீரகத்திலிருந்து பை வரை காட்டும் முழுப் படம். 35 க்கு 43 செ.மீ. அளவு, மையம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டத்தில், கீழே முன் இடுப்பெலும்பு இணையும் இடம் கண்டிப்பாக உள்ளே வர வேண்டும். கே.வி. (எக்ஸ்ரேயின் ஊடுருவும் வலு) 65 முதல் 75-க்குள். கூட்டினால் அயோடினும் கல்லும் வெளிறிப்போகும். இந்தப் படத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லும் வெள்ளை, டையும் வெள்ளை. டை ஏறிய பிறகு கல் அதற்குள் மறைந்துவிடும். யூரிக் அமிலக் கல் மட்டும் வெறும் எக்ஸ்ரேயில் தெரியாது. டைக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கே.யு.பி. மூச்சை வெளியே விட்டு நிறுத்தி எடுப்பது. சிறுநீரகம் மூச்சோடு ஏறி இறங்கும். முன் படத்தில் உள்ளிழுத்தும் அடுத்ததில் வெளியே விட்டும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. பெங்களூரில் இதற்கு மொழிச் சிக்கல் ஒன்று சேர்ந்துகொள்கிறது. தமிழில் ‘பிடி’ என்றால் நிறுத்திக்கொள். கன்னடத்தில் ‘பஸ்’ஸின் ‘ப’வைப் போல அழுத்திச் சொல்லும் ‘பிடி’ என்றால் விட்டுவிடு. கன்னட நோயாளியிடம் தமிழ்ப் பழக்கத்தில் ‘பிடி, பிடி’ என்றால், அவர் மூச்சை விட்டுக்கொண்டே இருப்பார். படம் ஆடிப்போகும். அவர்களிடம் “உசிரு பிட்டு ஹிடிதுகொள்ளி” என்று சொல்லுங்கள்: மூச்சை விட்டு, அப்படியே நிறுத்துங்கள். சிவாஜிநகர் பக்கத்திலிருந்து வரும் உருது பேசுபவர்களிடம் “ஸான்ஸ் ரோக்கோ” (மூச்சை நிறுத்துங்கள்). ஸ்ரீராமபுரம், அல்சூர்த் தமிழர்களிடம் “மூச்சை விட்டுட்டு அடக்கிக்குங்க”. எக்ஸ்போஷர் கொடுக்கும் முன் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் பாதி ரிப்பீட் குறையும்.

20 அல்லது 22 அளவு கேனுலாவை முழங்கை மடிப்பு நரம்பில் போட்டு, 10 மி.லி. சலைன் விட்டுப் பாருங்கள். வீங்கவில்லை, எரியவில்லை என்றால் டை. ஒரு நிமிடத்துக்குள் செலுத்தி, தொடங்கிய நேரத்தை ஃபிலிம் உறையில் எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்துதான். உடம்பெல்லாம் சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும், ஒன்றுக்குப் போய்விட்டதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து எழுந்து உட்காருவார்கள்.

1 நிமிடத்தில் சிறுநீரகப் பகுதிக்கு மட்டும் சுருக்கி ஒரு படம். டை இன்னும் சதைக்குள்ளேயே இருக்கிறது. சிறுநீரகத்தின் உருவமும் அளவும் தெரியும். 5 நிமிடத்தில் இன்னொன்று. கிண்ணங்களில் டை இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியதா, ஒன்று பின்தங்கியதா என்று பார்க்கும் படம் இது. இதைப் பார்த்த பிறகே வயிற்றுப் பட்டை, அதாவது கம்ப்ரஷன். இடுப்பெலும்பின் முன் முனைகள் மட்டத்தில் கட்டி யூரிட்டரை அழுத்தினால் மேலே டை தேங்கி கிண்ணங்கள் நிறையும். அடைப்பு ஏற்கெனவே தெரிந்தால் கட்டக் கூடாது. சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் ஆனவர், அடிபட்டவர், வயிற்று ரத்தக் குழாய் வீங்கியவர், கர்ப்பிணி ஆகியோருக்கும் கூடாது.

10 நிமிடத்தில் நிறைந்த கிண்ணங்களின் படம். 15 நிமிடத்தில் பட்டையை அவிழ்த்தவுடனே முழு நீளப் படம். ‘உடனே’ என்பது முக்கியம். தேங்கிய டை ஒரே வேகத்தில் இறங்கும் அந்தச் சில நொடிகளில்தான் யூரிட்டர் முழுதும் தெரியும். கேசட்டை மாட்டி, எக்ஸ்ரே டியூபை மையப்படுத்தி, எல்லாம் தயாரான பிறகு பட்டையில் கை வையுங்கள். பிறகு 30 நிமிடத்தில் பை. கடைசியாகச் சிறுநீர் கழித்த பின் ஒரு படம். பையில் மிச்சம் எவ்வளவு, பையின் வாயிலில் ஒட்டியிருக்கும் கல் எது என்று அதில் தெரியும்.

இடுப்புக் குழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கல்லா, நரம்பில் படிந்த சுண்ணாம்பா என்ற குழப்பம் வரும். அந்தப் பக்கம் சாய்த்து 30 டிகிரி ஒரு படம் எடுங்கள். புள்ளி யூரிட்டரின் கோட்டிலேயே இருந்தால் கல், விலகினால் இல்லை. வலது பின்பக்கம் தாழச் சாய்த்தால் இடது சிறுநீரகம் படத்துக்கு இணையாக வரும், வலது யூரிட்டர் முதுகெலும்பை விட்டு விலகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பக்கம் சதை மட்டும் வெள்ளையாகி, கிண்ணத்தில் டை இறங்காமல் நின்றால் அடைப்பு. சீக்கிரம் சீக்கிரமாகப் படம் எடுத்துப் பயனில்லை. நேரத்தை இரட்டித்துக்கொண்டே போங்கள்: 30 நிமிடம், 1 மணி, 2 மணி, 4 மணி. தேவைப்பட்டால் மறுநாள். அடைபட்ட இடம் வரை டை வந்து நிற்கும்போது நிறுத்தலாம்.

சி.டி. யூரோகிராம்

திசை அதேதான், கண் மட்டும் கூர்மை. மூன்று சுற்று ஓட்டுவது வழக்கம். டைக்கு முன் ஒன்று, கல்லுக்காக. டை போட்டு 90 முதல் 100 நொடியில் ஒன்று, சிறுநீரகச் சதைக் கட்டிக்காக. 8 முதல் 10 நிமிடத்தில் ஒன்று, கிண்ணம், குழாய், பைக்காக. அரை மணி முன்னதாக 500 மி.லி.க்குக் குறையாமல் தண்ணீர் கொடுங்கள். வயிற்று சி.டி. பழக்கத்தில் வாய் வழி டையைக் கலந்து கொடுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. குடலில் வெள்ளை நிறைந்தால் யூரிட்டரைத் தேடவே முடியாது. கடைசிச் சுற்றுக்கு முன் நோயாளியை ஒருமுறை புரண்டு படுக்கச் சொல்லுங்கள். பையின் அடியில் படிந்த டை கலந்தால்தான் சுவரில் ஒட்டிய சிறு கட்டி தெரியும். சில இடங்களில் டைக்கு முன் ஃப்யூரோசமைடு சிறிதளவு போட்டுக் குழாயை விரியச் செய்வார்கள். அது டாக்டரின் உத்தரவு.

பிரஷர் இன்ஜெக்டர் வேகத்தில் டை தசைக்குள் இறங்கிவிட்டால் உடனே நிறுத்தி, கையை உயர்த்தி வைத்து, குளிர் ஒத்தடம் கொடுத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். கேனுலா ஓரம் கையை வைத்துக்கொண்டு முதல் சில நொடி பக்கத்தில் நின்றால் இது பெரும்பாலும் நடக்காது.

ஆர்.ஜி.யு.: சாய்வில்தான் எல்லாம்

ஆண்களுக்கு நீர் நூலாக வருகிறது, அல்லது அடிபட்டு இடுப்பு உடைந்திருக்கிறது என்றால் இது. விபத்து கேஸில் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால், இந்தப் படம் எடுக்கும் வரை யாரும் கதீட்டர் போடக் கூடாது. பாதி கிழிந்த குழாயை டியூப் முழுதாகக் கிழித்துவிடும்.

நோயாளியை 30 முதல் 45 டிகிரி சாய்த்துப் படுக்க வையுங்கள். கீழ்ப்பக்கக் கால் முழங்காலில் நன்றாக மடங்கியிருக்க வேண்டும், மேல் கால் நேராக. குறியை மடங்கிய தொடைக்கு இணையாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் என்ன ஆகும்? பல்ப் பகுதி வளைவு நம்மை நோக்கித் திரும்பி நிற்கும். வளைந்த ஒரு ரப்பர் குழாயை அதன் முனையிலிருந்து பாருங்கள், நீளமே தெரியாது. அதுபோல 2 செ.மீ. நீளச் சுருக்கம் படத்தில் 1 செ.மீ. போலத் தெரியும். சுருக்கம் குட்டையா நீளமா என்பதை வைத்துத்தான் உள்ளே வெட்டிவிடுவதா, குழாயையே சீரமைக்கும் பெரிய ஆபரேஷனா என்று சர்ஜன் முடிவெடுக்கிறார். நம் சாய்வு தவறினால் அவர் முடிவும் தவறும்.

சுத்தம் செய்து, டையால் ஏற்கெனவே நிரப்பிய ஃபோலியை (பலூன் வைத்த டியூபை) முனைக்குள் சிறிது நுழைத்து, பலூனில் 1 முதல் 2 மி.லி. மட்டும். நிரப்பாமல் நுழைத்தால் காற்றுக் குமிழி போய் உட்கார்ந்து கல் மாதிரி வேஷம் போடும். பலூன் வலித்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பாதி நீர்த்த டை 20 முதல் 30 மி.லி. மெதுவாகச் செலுத்துங்கள். செலுத்திக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்போஷர். கை நின்ற பிறகு எடுத்தால் குழாய் சுருங்கி, இல்லாத சுருக்கம் தெரியும்.

எதிர்ப்பு இருந்தால் தள்ளாதீர்கள். அழுத்தினால் டை சுற்றியுள்ள ரத்த நாளங்களுக்குள் ஏறும். திரையில் குழாயின் பக்கத்தில் வலைபோல் வெள்ளை படரும். அதோடு கிருமியும் ரத்தத்தில் ஏறும். நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். முன் குழாய் இதில் நன்றாகத் தெரியும். ப்ராஸ்டேட் பகுதி இதில் விரியாது. அதைப் பார்க்க நோயாளி தானாக நீர் கழிக்க வேண்டும். அதனால்தான் ஆர்.ஜி.யு.வும் எம்.சி.யு.வும் ஜோடியாக எழுதப்படுகின்றன.

எம்.சி.யு.: குழந்தைகளோடு

நீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறுகிறதா, ஆண் குழந்தைகளுக்குக் குழாயில் வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது இது. மூத்திரத்தில் கிருமி இல்லை என்று கல்ச்சர் வந்த பிறகே செய்ய வேண்டும்.

5 முதல் 8 அளவு ஃபீடிங் டியூப் போதும். பலூன் வேண்டாம், அது வால்வையும் பையின் வாயிலையும் மறைக்கும். முதலில் பையில் உள்ள நீரை வடித்துவிடுங்கள். நீர்த்த டையைப் பாட்டிலிலிருந்து தானாக இறங்க விடுங்கள், மேஜையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. சிரிஞ்சால் தள்ளுவது கூடாது. அளவு: வயதுடன் 2 கூட்டி 30-ஆல் பெருக்குங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு 150 மி.லி. ஒரு வயதுக்குள் என்றால் எடையை 7-ஆல் பெருக்குங்கள். 6 கிலோ குழந்தைக்கு 42 மி.லி. கணக்கு வெறும் கணக்குதான். குழந்தை கால் விரலை மடக்கிக்கொண்டு நெளிந்தால், டியூபைச் சுற்றி நீர் கசிந்தால், பை நிறைந்துவிட்டது.

பை கால்வாசி நிறையும்போதே ஒரு படம் எடுங்கள். யூரிட்டரின் நுனி பைக்குள் பலூன்போல் வீங்கியிருந்தால் அது அப்போதுதான் தெரியும். முழுதும் நிறைந்தால் வெள்ளைக்குள் அமுங்கிவிடும். நிறைந்தவுடன் இரு பக்கமும் சாய்த்து ஒவ்வொன்று. பிறகு நீர் கழிக்கும் படம். ஆண் குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்தே எடுக்க வேண்டும். முடிந்ததும் சிறுநீரகம் வரை முழுப் படம். மேலே ஏறியது பெரும்பாலும் கழிக்கும்போதுதான் ஏறும்.

குழந்தை கழிக்க மறுப்பதுதான் பெரிய சோதனை. ஏ.சி.யைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரைப் பாதத்திலும் தொடையிடுக்கிலும் ஊற்றுங்கள். குழாயைத் திறந்து நீர் விழும் சத்தம் கேட்கட்டும். தாயை ஈய ஏப்ரன் போட்டுத் தலைமாட்டில் நிற்க வைத்து, வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அந்த வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். தாய் கர்ப்பமாக இருந்தால் வேறு யாராவது நிற்கட்டும். அறையில் தேவையில்லாதவர்களை வெளியே அனுப்புங்கள். ஏழு வயதுப் பெண் குழந்தைக்கும் வெட்கம் உண்டு. கழிக்கும் நேரம் தவிர துணி மூடியே இருக்கட்டும். ஃப்ளோரோவை (ஓடும் எக்ஸ்ரேயை) விட்டு விட்டு அழுத்துங்கள், கடைசிப் பிம்பத்தைத் திரையில் நிறுத்திப் பாருங்கள். குழந்தை வாங்கும் கதிர் நம் காலடியில்தான் இருக்கிறது.

ஏறும் அளவை ஐந்து படியாகச் சொல்வார்கள். யூரிட்டர் வரை மட்டும் 1. கிண்ணம் வரை ஏறி விரியாவிட்டால் 2. லேசாக விரிந்தால் 3. குழாய் வளைந்து கிண்ண விளிம்பு மழுங்கினால் 4. பாம்பாகச் சுருண்டு கிண்ண வடிவமே அழிந்தால் 5.

மற்றவை சுருக்கமாக. ஆர்.ஜி.பி. ஆபரேஷன் தியேட்டரில் யூராலஜிஸ்ட் செய்வது. நமக்கு சி-ஆர்ம் (நகர்த்தும் எக்ஸ்ரே மெஷின்) வேலை. 5 முதல் 10 மி.லி. போதும். முதுகு வழி டியூபில் டை விடும் நெஃப்ரோஸ்டோகிராமில், விடும் முன் அதே அளவு நீரை எடுத்துவிட வேண்டும். நிறைந்த சிறுநீரகத்தில் அழுத்தி விட்டால் சீழ் ரத்தத்தில் ஏறி அன்றிரவே குளிர்காய்ச்சல். பை கிழிந்ததா என்று பார்க்கும் சிஸ்டோகிராமுக்கு 300 மி.லி.க்குக் குறையக் கூடாது. வடித்த பின் எடுக்கும் படத்தை விடக் கூடாது. சின்னக் கசிவு பைக்குப் பின்னால் அதில்தான் அகப்படும்.

டை ஒத்துக்கொள்ளாவிட்டால்

பெரும்பாலான பெரிய அலர்ஜி முதல் 20 நிமிடத்துக்குள் வரும். அதனால் கேனுலாவை அரை மணி நேரம் எடுக்காதீர்கள். நோயாளியைத் தனியே விட்டுப் போகாதீர்கள். இரண்டு மூன்று தடிப்பு, ஒரு வாந்தி என்றால் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னால் போதும். குரல் கம்மினால், இழுப்பு வந்தால், முகம் வீங்கினால், ரத்த அழுத்தம் இறங்கினால் அது வேறு.

ஒரு வித்தியாசத்தை விரலால் அறியலாம். வியர்த்து மயங்குகிறார், அழுத்தம் குறைவு, நாடி மெதுவாக இருக்கிறது என்றால் பயத்தில் வந்த மயக்கம்; காலை உயர்த்தினால் தேறுவார். நாடி வேகமாக, நூல்போல ஓடினால் அலர்ஜி அதிர்ச்சி. அதற்கு மருந்து அட்ரினலின்தான். பெரியவருக்கு 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில், டாக்டர் உத்தரவோடு. அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அதற்குப் பிறகுதான். ஆக்சிஜன், கால் உயரம், சலைன். காலையில் வந்ததும் அந்த டிரேயைத் திறந்து ஆம்ப்யூல் இருக்கிறதா, தேதி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். தேவைப்படும் நேரத்தில் தேட நேரம் இருக்காது. நாம் வாங்கும் கதிரின் அளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் மாட்டுவதையும் அதே நேரத்தில் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது, டை நரம்பில் போட்டவர்களிடம் அன்றைக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இதய, சிறுநீரக நோயாளிக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள். டியூப் போட்டவர்களிடம், ஒன்றிரண்டு முறை எரியும், ஒரு சொட்டு ரத்தம் தெரியலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்காய்ச்சல் வந்தால், அல்லது நீரே போகவில்லை என்றால், ஊருக்குப் போய்விட்டோமே என்று இருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே காட்ட வேண்டும் என்று கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். இன்ன டை, இத்தனை மி.லி., இன்ன தேதி என்று ரிப்போர்ட் உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வேறொரு ஆஸ்பத்திரியில் ‘முன்பு என்ன டை போட்டார்கள்?’ என்று கேட்டால், அவர் கையில் இருப்பது அந்த உறை ஒன்றுதான்.